சித்தப்பா இறந்ததாகச் சொன்ன நாள்

1

இன்று காலை மூன்று முறை அடித்தும் சித்தப்பா போனை எடுக்கவில்லை.

மற்ற நாட்களில் அவர் எடுக்காவிட்டால் நான் பெரிதாகக் கவலைப்பட மாட்டேன். ஆனால் இன்று அவர் இறந்த நாள். அதாவது, அவர் இறந்துவிட்டதாக எனக்குப் பொய் சொன்ன நாள். ஒவ்வொரு வருடமும் இதே நாளில் நான் கூப்பிடுவேன். முதல் மணியிலேயே எடுத்து, "இன்னும் கீறேன் நைனா, இன்னா அவசரம் உனுக்கு?" என்பார். நான் சிரிப்பேன், அவரும் சிரிப்பார். அவ்வளவுதான் எங்கள் திதி.

இன்று மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அலுவலகத்துக்குக் கிளம்பியவன் கோட்டைப் போட்டபடியே சமையலறை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணனைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை ஊருக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். இரண்டு நாளாகத் தொண்டை வேறு கரகரக்கிறது.

பள்ளிக்குக் கிளம்பிய மகள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாருக்குப் போன்? அந்தச் செத்துப்போகாத தாத்தாவுக்கா?" என்று இத்தாலிய மொழியில் கேட்டாள். "தமிழில் கேள்" என்றேன். தமிழில் அவளுக்கு 'செத்துப்போகாத' வரவில்லை. "சாவு இல்லாத தாத்தா" என்றாள். அப்படி இருந்தால் நன்றாகத்தான் இருக்கும்.

அவள் போய்விட்டாள். ஊரில் உள்ளவர்களுக்கு இந்தக் கதையில் பாதி தெரியும். மீதி பாதி இங்கே நடந்தது. போன் திரும்ப வரும்வரை அதை எழுதுகிறேன். கை சும்மா இருந்தால் மனது கண்ட இடத்துக்கும் போகிறது.

2

இத்தாலி என்றதும் ஊரில் எல்லோரும் சாய்ந்த கோபுரத்தைத்தான் விசாரிப்பார்கள். நான் இருபது வருடமாக இருக்கும் இடத்தில் கோபுரமும் இல்லை, கடலும் இல்லை. வடக்கே தட்டையான சமவெளி. கண்ணுக்கெட்டிய தூரம் நெல். கோடையில் கொசு, குளிர்காலத்தில் எதிர்வீடு தெரியாத பனிமூட்டம். நாற்று நடாமல் தண்ணீரிலேயே நேராக விதைப்பதைப் பார்த்து, வந்த புதிதில் 'இதுவும் ஒரு விவசாயமா' என்று மனதுக்குள் திட்டியிருக்கிறேன். எங்கள் ஊர் ஏரித் தண்ணீரில் நடவைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்தத் திமிர் இருக்கத்தானே செய்யும்.

விவசாயம் படிக்க வந்தவன் இங்கேயே ஒட்டிக்கொண்டேன். பல நாட்டுச் சிறு நெல் விவசாயிகள் சேர்ந்து நடத்தும் ஒரு சங்கத்தில் அலுவலகச் செயலாளர் வேலை. பெயர் பெரிது, வேலை கடிதம் போடுவது. தங்குவதற்கான அனுமதியைப் புதுப்பிக்க அவ்வப்போது போலீஸ் அலுவலகத்தில் வரிசையில் நின்று பத்து விரல் ரேகையும் கொடுக்க வேண்டும். இருபது வருடமாக என் விரல்கள் மாறவில்லை என்று அவர்களுக்கு நிரூபித்துக்கொண்டே இருக்கிறேன்.

சங்கத்தின் கூட்டம் வருடத்துக்கு ஒரு நாட்டில், ஏதாவது ஒரு நெல் கிராமத்தில் நடக்கும். வருகிறவர்கள் விடுதியில் தங்க மாட்டார்கள். விவசாயி வீட்டில்தான் தங்குவார்கள், அவர்கள் சமைப்பதைச் சாப்பிடுவார்கள். அதுதான் சங்கத்தின் பெருமை. கொரோனா வந்த அந்த வருடத்துக்கு நான் என் ஊரைச் சொன்னேன். உத்திரமேரூரிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம். மாசிக் கடைசியில் வந்தால் நவரைப் பட்டத்து நெல் கதிர் வாங்கி நிற்கும் என்று படம் காட்டிப் பேசினேன். சங்கத் தலைவர் பியேரோ, எழுபது தாண்டிய நெல் விவசாயி, உடனே கையைத் தூக்கிவிட்டார். மற்றவர்களும் தூக்கினார்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போய் வீடு வீடாக வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துவிட்டு வந்தேன். முப்பது பேருக்கும் சமையல், ஊர்ப் பெண்கள் குழுவின் சார்பில், என் அண்ணியின் பொறுப்பு. பல வருடம் ரைஸ் மில் களத்தில் நெல் துழாவியவர். அந்தத் தூசி நெஞ்சில் இறங்கி அவருக்கு இழுப்பு நோய். இடுப்பில் சாவிக்கொத்து மாதிரி எந்நேரமும் மூச்சு மருந்துப் பம்ப் ஒன்றைச் செருகியிருப்பார். ஆனாலும் அடுப்படியை இன்னொருத்தர் கையில் விடமாட்டார். பியேரோவுக்கு அண்ணன் வீட்டு முன்னறை என்று முடிவாயிற்று. வெளிநாட்டார் தங்குவதற்காக எங்கள் மாவட்டத்து அலுவலகம் ஒன்று கேட்ட படிவத்தில் பியேரோவின் தகப்பனார் பெயரையும் அவருக்குத் தகப்பனார் பெயரையும் எழுத வேண்டியிருந்தது. "என் தாத்தா இதுவரை எங்கேயும் பயணம் போனதில்லை, இப்போதாவது இந்தியாவுக்குப் போகட்டும்" என்று பியேரோ சந்தோஷமாக நிரப்பினார்.

3

கூட்டத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, எங்களிடமிருந்து காரில் ஒரு மணி நேரத் தொலைவில் சில ஊர்களைப் போலீஸை நிறுத்தி அடைத்தார்கள். கடைகளில் அரிசி தீர்ந்தது. நெல் விளையும் ஊரில் அரிசி இல்லாததை அன்றுதான் பார்த்தேன். ஆம்புலன்ஸ் சத்தம் பகலில் அடிக்கடி கேட்டது. ஒவ்வொரு முறையும் என் மனைவி ஜன்னல் ஓரமாகப் போய் அது எந்தத் தெருவில் திரும்புகிறது என்று பார்த்துவிட்டு வருவாள்.

கூட்டத்தை நடத்துவதா, நிறுத்துவதா? நிர்வாகக் குழு, சிலர் அலுவலகத்திலும் மற்றவர் கணினித் திரையிலுமாக, ஒரு வாரத்தில் நான்கு முறை பேசியது. பாதிப் பேர் நிறுத்தலாம் என்றார்கள். பாதிப் பேர், இதற்கெல்லாம் பயந்தால் உலகம் நடக்குமா என்றார்கள். விமானங்கள் அப்போது பறந்துகொண்டுதான் இருந்தன. எந்த அரசாங்கமும் எங்களைத் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் நிம்மதியாகப் படுத்துத் தூங்கியிருப்போம். நடுவில் பியேரோ முழங்கையில் வாயைப் பொத்தி இருமினார். எல்லோரும் அவரைப் பார்த்தோம். "பனிதான்" என்றார். நம்பினோம். பனிக்காலத்தில் இங்கே எல்லோரும்தான் இருமுவார்கள்.

நான் எந்தப் பக்கம் என்று கேட்டால், மறைக்க ஒன்றுமில்லை, நடத்த வேண்டும் என்ற பக்கம்தான். இத்தனை வருடம் ஊருக்குப் பெட்டி தூக்கிக்கொண்டு தனியாகப் போனவன், ஒரு தடவையாவது பல நாட்டுக்காரர்களை அழைத்துக்கொண்டு ஏரிக்கரையில் இறங்க வேண்டும் என்று ஆசை. எனக்கும் பயம் இருந்தது. ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது.

கடைசியில் குழு ஒரு முடிவுக்கு வந்தது. வரவேற்கப் போகிறவர்களையே கேட்டுவிடலாம். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம். கேட்கும் பொறுப்பு என்னுடையது.

அண்ணனைக் கூப்பிட்டேன். "இங்க இந்த மாதிரி வியாதி. நாங்க வரலாமா, வேணாமா? மனசுல இருக்கறதைச் சொல்லு" என்றேன்.

அண்ணன் போனோடு வெளியே நடப்பது கேட்டது. பிறகு, "வரட்டும்டா. வரேன்னவங்கள வராதன்னு சொல்ற வூடா இது?" என்றார்.

"அண்ணிக்கு ஒண்ணும் சிரமம் இல்லையே?"

"அதுக்கு இன்னா, அது பாட்டுக்கு ஆக்கும்."

அறிக்கையில் எழுதினேன்: விருந்தளிப்பவர்களுக்கு ஆட்சேபணை இல்லை. எழுதிவிட்டு ஒரு காப்பி குடித்தேன். அந்தக் காப்பி நன்றாக இருந்தது என்பதுகூட இன்னும் நினைவிருக்கிறது.

4

இரண்டு நாள் கழித்து அண்ணனே கூப்பிட்டார். எப்போதும் நான்தான் கூப்பிடுவேன்.

"சித்தப்பா பூட்டாருடா" என்றார். "காலையில. பங்காளி சாவு. நம்ம வூட்டுக்கும் பதினாறு நாள் தீட்டு. விருந்து கிருந்து ஒண்ணும் வைக்க முடியாது. இன்னா பண்றதுன்னு நீயே பாத்துக்க."

அப்பாவின் தம்பி அவர். கழனியில் எனக்கு வரப்பு வெட்டச் சொல்லிக்கொடுத்தவர். நான் அழுதிருக்க வேண்டும். ஆனால் என் வாயிலிருந்து முதலில் வந்தது வேறு. "அண்ணா, தீட்டு நமக்குத்தானே? வர்றவங்களுக்கு அதெல்லாம் கிடையாதே. நம்ம வூட்ல வேணாம், பள்ளிக்கூடத்துல வச்சிக்கலாம். பொம்பளைங்க குழுவுல மத்தவங்க சமைக்கட்டும். அண்ணி பக்கத்துல நின்னு சொல்லிக்கொடுத்தா போதும்."

ஆடு கத்துவது மட்டும் கேட்டது. பிறகு, "சரிடா. உன் இஷ்டம்" என்று வைத்துவிட்டார்.

ஒரு சிக்கல் தீர்ந்த திருப்தி எனக்கு. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

சாப்பிட்டு முடித்த பிறகுதான், துக்கம் விசாரிக்க வேண்டுமே என்று தோன்றியது. சித்தப்பாவின் மகன் சென்னையிலிருந்து வந்திருப்பான். சித்தப்பா எண்ணுக்கே அடித்தால் அவன் எடுப்பான் என்று அடித்தேன்.

"அலோ, யாரு?"

சித்தப்பாவின் குரல். கையிலிருந்த போனைக் கீழே போட்டுவிட்டேன். எடுத்து மறுபடி காதில் வைத்தேன்.

"சித்தப்பா?"

"அட, நீயா?" என்றவர், "அடச்சே! எடுக்காதன்னு உங்க அண்ணன் படிச்சிப் படிச்சிச் சொல்லிட்டுப் போனான். பயக்கத்துல எடுத்துட்டேன்" என்றார்.

"நீங்க செத்துட்டீங்கன்னு..."

"செத்தேன் நைனா. நான்தான் என் பேரைப் போட்டுக்கோன்னேன். கெயவன், யாருக்கும் சந்தேகம் வராதுல்ல?"

"இன்னாத்துக்கு சித்தப்பா?"

அப்போதுதான் அவர் குரல் மாறியது. "உங்க ஊரை டிவியில காட்டிக்கினே கீறான். ரோட்ல ஒரு ஈ காக்கா இல்ல. உங்க அண்ணி நாலு அடி நடந்தா மூச்சு வாங்குது. அது அடுப்பாண்ட நின்னுக்கினு முப்பது பேருக்கு ஆக்கிப் போடும். வர்றவங்கள்ல ஒருத்தன் இருமினா போதும். அப்பறம் யாரு வந்து அதுக்கு மூச்சு குடுக்கறது? நீயா?"

"அண்ணன் வரட்டும்னு சொல்லிச்சே சித்தப்பா. நான் கேட்டேனே."

"கேட்டா அவன் வேற இன்னா சொல்லுவான்? வெத்தல பாக்கு வாங்கின கை. வராதன்னு சொல்ல வாய் வருமா? இந்த ஊர்ல பொறந்தவன்தான நீ, அத்த அவன்கிட்ட கேக்கலாமா? சாவு வுழுந்துச்சுன்னு சொன்னா எவனும் மறு கேள்வி கேக்கமாட்டான், தானா நின்னுப்பான்னு நெனச்சோம். நீ பள்ளிக்கூடத்துல வச்சிக்கலாம்ன்றியாம். உங்க அண்ணன் மூஞ்சி தொங்கிப்போய் வந்து கீறான். இன்னொரு சாவு சொல்லலாமான்னு பேசிக்கினு இருந்தோம்."

எங்கள் பக்கத்தில் தீட்டு என்றால் எந்த விசேஷமும் சத்தமில்லாமல் நின்றுபோகும். யாருக்கும் மனவருத்தம் இல்லை, யார் முகமும் சுண்டாது. வேண்டாம் என்று சொல்லாமல் சொல்ல அந்த ஊருக்கு இருக்கும் ஒரே வழி அது. நான் சின்ன வயதிலிருந்து பார்த்தது. எனக்குப் புரியவில்லை. படிவத்தில் 'ஆம்' என்று எழுதினால் ஆம் என்று நம்புகிறவனாக ஆகியிருந்தேன்.

5

மறுநாள் குழுவிடம் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கலாம். என் அண்ணிக்கு இழுப்பு, அவர்கள் பயப்படுகிறார்கள் என்று. ஆனால் இவர்களை எனக்குத் தெரியும். அப்படியானால் அண்ணி சமைக்க வேண்டாம், எல்லோரும் முகக்கவசம் போடுவோம், மருத்துவர் ஒருவரைக் கூட அழைத்து வருவோம் என்று ஒவ்வொன்றாக வழி கண்டுபிடிப்பார்கள். நல்லவர்கள். நல்லவர்களுக்கு வழி கிடைத்துக்கொண்டே இருக்கும்.

அதனால் நானும் சித்தப்பாவைக் கொன்றேன்.

அதையும் ஒழுங்காகச் செய்யவில்லை. தீட்டு என்பதை இத்தாலிய மொழியில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "வீடு சுத்தமாக இல்லை" என்று சொல்லிவைத்தேன். "அதற்கென்ன, மருந்து தெளிக்க ஏற்பாடு செய்வோம்" என்றார் ஒருவர். பிறகுதான், "என் சித்தப்பா இறந்துவிட்டார். விருந்தளிக்கும் வீட்டில் சாவு" என்றேன்.

பியேரோ தொப்பியைக் கழற்றினார். எழுந்து நின்றார். திரையில் இருந்தவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஒரு வாரமாக அறிக்கைகளையும் வரைபடங்களையும் வைத்துக்கொண்டு முடிவெடுக்க முடியாதவர்கள், ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். கூட்டம் இல்லை. துக்க வீட்டுக்குப் போய் நெல்லைப் பற்றிப் பேசுவதா என்றார் பியேரோ. மறுபடி இருமினார்.

இரண்டு நாள் கழித்து என் மேசைமேல் ஒரு உறை இருந்தது. பியேரோ கையால் எழுதிய இரங்கல் கடிதம், சித்தப்பா குடும்பத்துக்கு. நீ மொழிபெயர்த்து அனுப்பிவிடு என்று எனக்கு ஒரு துண்டுச் சீட்டும் இருந்தது. 'அவர் வயலைப் பார்க்க ஆசைப்பட்டேன். அவருடைய நெல்லை இனி யார் அறுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். வேண்டுமானால் நான் வந்து அறுக்கிறேன், எனக்கு இன்னும் கையில் பலம் இருக்கிறது' என்று எழுதியிருந்தார்.

அடுத்த வாரம் அவரை ஆம்புலன்ஸ் ஏற்றிக்கொண்டு போனது. கூட்டம் நடக்க வேண்டிய நாட்களில் அவர் மருத்துவமனையில் இருந்தார். அதற்கடுத்த வாரம் இறந்துபோனார். யாரும் பார்க்கவில்லை. பிள்ளைகள்கூட.

எனக்கும் காய்ச்சல் வந்தது. ஓர் அறையில் கிடந்தேன். மனைவி தட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு நகர்ந்துகொள்வாள். மகள் அப்போது சின்னவள். கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எனக்குப் புரியாத வேகத்தில் பேசிக்கொண்டிருப்பாள். நான் நாட்களைக் கணக்குப் போட்டுக்கொண்டு கிடந்தேன். போயிருந்தால் பியேரோ எந்த நாளில் அந்த முன்னறையில் படுத்திருப்பார், எந்த நாளில் அண்ணி அவருக்குச் சோறு போட்டிருப்பார், எந்த நாளில் நான் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து அதே சொம்பில் தண்ணீர் குடித்திருப்பேன். எப்படிக் கூட்டினாலும் கணக்கு ஒரே இடத்தில் வந்து நின்றது. வியாதியால் வந்த பயத்தைவிட இந்தக் கணக்கால் வந்த பயம்தான் அதிகம். வியாதி போய்விட்டது. கணக்கு போகவில்லை.

உடம்பு தேறியதும் அந்தக் கடிதத்தைச் சித்தப்பாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன், தமிழில். எழுதியவர் போய்விட்டார் என்பதையும் சொன்னேன். அவர் போனை வைத்துவிட்டார். மறுநாள் அவரே கூப்பிட்டார்.

"தலை முழுகிட்டேன் நைனா" என்றார். "என் சாவுக்குத் துக்கம் கேட்ட ஒரே மனுசன் அவருதான். பங்காளி மாதிரிதான?"

6

இவ்வளவு எழுதி முடிக்கும்போது போன் அடித்தது. திரையில் சித்தப்பா பெயர். எடுத்துக் காதில் வைத்தேன். 'இன்னும் கீறேன்' வரவில்லை. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. நீளமாக, விசில் மாதிரி.

"சித்தப்பா? சித்தப்பா, பேசுங்க!"

"தம்பி... நான்தான்... அண்ணி."

"சித்தப்பா எங்க அண்ணி?"

"அவரா?" ஒரு மூச்சு. "மோட்டார் போடப் போய்க்கீறாரு. போனை இங்க சார்ஜுல போட்டுட்டு மறந்துட்டாரு. மூணு வாட்டி அடிச்சிது. நான் எய்ந்து வர்றதுக்குள்ள நின்னுடுது. இன்னா தம்பி, இன்னிக்கு அவருக்கு நெனவு நாளா?"

சிரித்தேன். சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. இத்தனை வருடமும் கேட்காத ஒன்றை அப்போது கேட்டுவிட்டேன். "அண்ணி, அந்த வருசம் நாங்க நெஜமாவே வந்திருந்தா நீங்க இன்னா பண்ணியிருப்பீங்க?"

"இன்னா பண்ணுவாங்க? ஆக்கிப் போட்டிருப்பேன். பொய் சொன்னதெல்லாம் உங்க அண்ணனும் அவரும். என்னை யாரு கேட்டாங்கோ? கேட்டிருந்தா வரட்டும்னுதான் சொல்லியிருப்பேன்."

வேறு எப்படியும் சொல்ல அவருக்குத் தெரியாது. அது எனக்கு இப்போது தெரியும். தொண்டை கரகரத்து இருமல் வந்தது. போனைத் தள்ளிப் பிடித்து இருமினேன்.

"இன்னா தம்பி இருமற?"

"ஒண்ணுமில்ல அண்ணி. பனிதான்."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. பியேரோவும் இதையேதான் சொன்னார்.

"வெள்ளிக்கெயம வந்துருவ இல்ல? உனக்குன்னு மல்லாட்டை காய வச்சிக்கீறேன்" என்றார் அண்ணி. வேர்க்கடலை என்றால் எனக்கு உயிர் என்று அவருக்குத் தெரியும். ஒவ்வொரு இரண்டு வார்த்தைக்கும் ஒரு மூச்சு. ஜன்னலுக்கு வெளியே எதிர்வீடு தெரியவில்லை. மேசைமேல் டிக்கெட் இருந்தது. மாசிக் கடைசி. பனியில் இழுப்பு கூடும், அண்ணிக்கு ஆகாத மாதம்.

"வர முடியாது அண்ணி" என்றேன். "இங்க ஒரு சாவு. தீட்டு."

"ஐயையோ! யாரு தம்பி?"

"நான்தான்."

அண்ணி சிரித்தார். விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு இருமலாயிற்று, இருமல் இழுப்பாயிற்று, இழுப்பு சட்டென்று நின்றது. பம்பைத் தேடுகிறாரா? பக்கத்தில் யாரும் இல்லையா? "அண்ணி" என்றேன். "அண்ணி, அண்ணி" என்றேன். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு சமையலறை நடுவில் நின்றேன். அடுத்த மூச்சு வரும்வரை நானும் மூச்சு விடவில்லை.

வந்தது.

"சரி தம்பி" என்றார் அண்ணி. "பதினாறாம் நாள் முடிச்சிக்கினு வா."